சிறுகாரும் அதன் துருவும்

விளையாட்டுப் பொருள்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது புதிய வழக்கமன்று. சிந்துவெளியில் ஹரப்பாவையும் மொகஞ்சதாரோவையும் அகழ்ந்தபோது சுட்ட மண்ணாற் செய்த சிறு வண்டிகள் பல கிடைத்தன. மரத்தாலான பெருவண்டிகள் மக்கி மறைந்துபோக, குழந்தைகள் உருட்டி விளையாடிய மண்வண்டிகளே அக்காலத்து வண்டி எவ்வாறு இருந்தது என்பதை அறிஞர்க்குக் காட்டி நிற்கின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதிப் பருவமாகச் சிறுதேரை வைத்த நம் புலவர்களும், விளையாட்டுப் பொருளைச் சிறுமையாக எண்ணியவர்கள் அல்லர்.

நம் காலத்துச் சிறுதேர் எது என்று கேட்டால், பெட்டியில் உறுப்பு உறுப்பாக அடைத்து விற்கப்படும் பிளாஸ்டிக் மாதிரிக் கார்தான் என்று துணிந்து சொல்லலாம். உண்மை வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அல்லது இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவுள்ள இதனை, வாங்கியவரே வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டி முடிக்க வேண்டும். முடித்தபின் அதன்மேல் புழுதியும் துருவும் படிந்ததுபோற் காட்டும் மற்றொரு வேலையும் உண்டு. ஆங்கிலத்தில் இதனை ‘வெதரிங்’ என்பர். வெயிலும் மழையும் பட்டு முதுமை எய்திய தோற்றத்தை ஊட்டுவதால், தமிழில் ‘மூப்பேற்றல்’ எனலாம்.

சிந்துவெளி மண்வண்டிக்கும் இச்சிறுகாருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மண்வண்டியைச் செய்தவனுக்கு உண்மை வண்டியை விற்கும் நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. சிறுகாரைச் செய்தவர்களுக்கோ அந்நோக்கமே முதற்காரணமாய் இருந்தது. விற்பவன் கூலியில் வாழும் சாட்சி என்று இதனைச் சொன்னால் மிகையாகாது. அத்தகைய சாட்சி எவ்வாறு துருவையும் கிழிசலையும் பற்றி உண்மை பேசத் தொடங்கியது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

விற்பனையாளர் மேசையிலிருந்து

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் மோட்டார்த் தொழிலின் தலைநகராய் இருந்த காலம் அது. ஹென்றி ஃபோர்டு ஒரே வடிவக் காரை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் மலிவாகச் செய்து விற்றார். அவரை வெல்ல ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்பிரட் சுலோன் கண்ட வழி வேறு. ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வண்டியும் சொந்தக்காரன் கண்ணுக்குப் பழையதாய்விடும் அல்லவா? 1927இல் அந்நிறுவனம் தோற்ற அமைப்புக்கென்றே தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, ஹார்லி எர்ல் என்பவரை அதன் தலைவராக்கியது. அவர் களிமண்ணில் காரை வனைந்து பார்த்து வடிவம் காணும் முறையைப் பரப்பினார். ஆக, உண்மைக் காரே முதலில் மாதிரியாய்ப் பிறந்து பின்னர்த்தான் இரும்பாயிற்று.

மாதிரி செய்யும் கையை இளமையிலேயே பிடித்துவிட வேண்டும் என்பதும் அத்தொழிலதிபர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஃபிஷர் பாடி என்னும் பிரிவு 1930இல் சிறுவர்க்கென ஒரு கைவினைஞர் சங்கத்தைத் தொடங்கியது. நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியை வரைபடம் பார்த்து மரத்திலும் உலோகத்திலும் துணியிலும் நுணுக்கமாகச் செய்ய வேண்டும். வென்றவர்க்குப் பல்கலைக்கழக உதவித்தொகை. 1937 முதல் சிறுவர்கள் தாமே எண்ணிய எதிர்காலக் காரின் மாதிரியையும் போட்டிக்கு அனுப்பலாயினர். 1947இல் அப்போட்டியில் வென்ற சக் ஜோர்டன் என்ற இளைஞர் 1986இல் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். 1968வரை நடந்த இப்போட்டியைப் படிக்கும்போது, நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் கைவேலைப் பாடத்திற்கு அளித்துவந்த இடத்தை எண்ணி ஒருகணம் வருந்தாமல் இருக்க முடியவில்லை. நிற்க.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கார்க் கம்பெனிகளுக்கு ஒரு புதிய துணைக்கருவி கிடைத்தது. வரப்போகும் ஆண்டின் காரை அப்படியே சிறிதாக்கி, தொழிற்சாலை தரும் அதே வண்ணத்தைப் பூசி, விற்பனை நிலையங்களுக்கு அனுப்பினர். வாங்க வந்தவர் தமக்கு வேண்டிய வண்ணத்தை அதில் பார்க்கலாம். உடன்வந்த பிள்ளையின் கையில் ஒன்றைக் கொடுத்தால், அவன் வீட்டுக்குப் போயும் தந்தையை விடமாட்டான். இவ்வேலைக்கென்றே டெட்ராய்ட் வட்டாரத்தில் 1948இல் ‘அலுமினம் மாடல் டாய்ஸ்’ என்ற கம்பெனி தோன்றியது. பெயருக்கேற்ப முதலில் அலுமினியத்தில் ஃபோர்டு கார் வார்த்தவர்கள், விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறினர். பெயரும் ஏஎம்டி என்று சுருங்கிற்று. அதே நகரில் ஜோ-ஹான், மில்வாக்கியில் பிராடக்ட் மினியேச்சர் ஆகிய கம்பெனிகளும் இத்தொழிலில் இறங்கின.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் கதை ஒன்றே. இங்கிலாந்தில் ஹங்கேரியரான நிக்கலஸ் கோவ் 1939இல் நிறுவிய ஏர்ஃபிக்ஸ் கம்பெனி, 1949இல் ஃபெர்குசன் டிராக்டரின் சிறு மாதிரியைச் செய்தது. டிராக்டர் விற்கும் முகவர்கள் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதற்காகவே அது செய்யப்பட்டது. ஒவ்வொன்றாக உறுப்புகளைப் பூட்டிக் கொடுப்பது கம்பெனிக்குத் தொல்லையாய் இருந்தமையால், பின்னர் அதனைப் பூட்டாமலே உறுப்புத் தொகுதியாக விற்றனர். பெட்டியை வாங்கி வீட்டில் பூட்டும் வழக்கம் பரவியதற்குத் தொழிற்சாலையின் இச்சிக்கனமும் ஒரு காரணம் என்பதைப் பலர் நினைப்பதில்லை. உறுப்புத் தொகுதியாக வந்த பிளாஸ்டிக் மாதிரி அதற்கு முன்னரும் இருந்தது உண்மையே; ‘பெங்குவின்’ என்ற பெயரில் 1936இல் இங்கிலாந்தில் வந்தவை விமானங்கள். அமெரிக்காவில் ரெவல் கம்பெனி 1950களின் தொடக்கத்தில் ‘ஹைவே பயனியர்ஸ்’ என்ற வரிசையில் பழங்காலக் கார்களைப் பெட்டியிலிட்டு விற்றுப் பெரும்பயன் கண்டது.

விற்பனை நிலையங்களுக்கு அனுப்பிய அச்சிறுகார்களுக்கு நேர்ந்த ஒரு கதியைச் சொல்லாமல் விடலாகாது. 1950களில் வந்தவற்றிற் பெரும்பாலானவை செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பொருள் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். புத்தம்புதுப் பொலிவைப் பறைசாற்றவென்றே செய்த கார், சேகரிப்போர் அலமாரியில் கூரை குழிந்து, அடித்தட்டு வில்லாய் வளைந்து நிற்கிறது. எந்தச் சொந்தக்காரரும் ஏற்றாத மூப்பு அது. 1960ஐ ஒட்டி ஏறத்தாழ யாவரும் பாலிஸ்டைரீனுக்கு மாறினர்.

வார்ப்பும் பசையும்

பாலிஸ்டைரீன் பழைய பொருள்தான். பெர்லின் நகரத்து மருந்து வணிகர் எடுவார்ட் சைமன் ஒருவகைக் குங்கிலியப் பிசினிலிருந்து எடுத்த நெய் கெட்டிப்படுவதை 1839இலேயே கண்டார். அது நீண்ட சங்கிலிபோன்ற பேரணுத் திரள் என்ற உண்மையை நிலைநாட்டியவர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். அவ்வாராய்ச்சித் துறைக்காக 1953இல் நோபல் பரிசு பெற்றார். 1930களில் ஜெர்மனியில் அது தொழிற்சாலைச் சரக்காயிற்று.

அதன் மணிகளைச் சூட்டால் இளக்கி, பேரழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தினால், நொடிகளில் குளிர்ந்து உறுப்பாகி வெளிவரும். பொருள் மலிவு, அச்சுதான் விலை. மாதிரியைப் பெரிதாக மரத்திற் செதுக்கி, அதன்மேல் ஊசியை ஓட்டி, மறுமுனையில் எஃகைச் சிறிய அளவில் குடையும் கருவியால் அச்சு வெட்டினர். காரின் மேற்கூடு ஒரே துண்டாக வரவேண்டுமெனில், நாற்புறமும் விலகித் திறக்கும் அச்சுப் பலகைகள் வேண்டும். அப்பலகைகள் கூடும் இடத்தில் மட்கார்டின்மேல் மயிரிழைபோல் ஒரு வரி விழும். மாதிரி செய்பவன் முதலில் உப்புத்தாள் கொண்டு தேய்த்து நீக்குவது அவ்வரியைத்தான். உண்மைக் காரில் அவ்வாறு ஒரு வரி கிடையாது. அது அச்சின் கையெழுத்து.

அச்சுக்குப் போட்ட பணத்தை மீட்க ஏஎம்டி கம்பெனி 1958இல் செய்த ஏற்பாடு இத்துறையின் போக்கையே மாற்றிற்று. விற்பனை மாதிரிக்கு வெட்டிய அச்சிலேயே கூட்டை வார்த்து, வேறு உறுப்புகளையும் சேர்த்துப் பெட்டியிலிட்டனர். ஒரே பெட்டியைக் கொண்டு கம்பெனி விற்றபடியும் செய்யலாம். தாழ்த்தி, மாற்றி, தன் விருப்பப்படியும் செய்யலாம். பந்தயக் காராகவும் செய்யலாம். இது வணிக உத்தியே. ஆயினும் அன்று முதல், டெட்ராய்ட் வகுத்த வடிவத்தைத் திருத்தும் உரிமை பத்து வயதுப் பையன் ஒருவன் கைக்குப் போயிற்று. கத்தியும் பசையும் கொடுத்தபின் அவன் எதை வெட்டுவான், எதை ஒட்டுவான் என்பதைத் தலைமை அலுவலகம் ஆணையிட முடியாதல்லவா?

பசை என்று சொல்லினும், அது நம் மாவுப் பசைபோல் இரண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதன்று. டொலுயீன் போன்ற கரைப்பான் இரு உறுப்புகளின் விளிம்பையும் இளக்கிவிடுகிறது. இளகிய இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. எனவே இது ஒருவகைப் பற்றவைப்பு. அந்த ஆவியை வேண்டுமென்றே முகர்ந்து மயங்கும் தீய பழக்கம் 1960களில் அமெரிக்கச் சிறாரிடையே பரவிப் பெருங்கவலையாயிற்று. டெஸ்டர் கம்பெனி 1969இல் தன் பசையில் கடுகெண்ணெய்ச் சத்தைக் கலந்தது. முகர்ந்தால் மூக்கும் கண்ணும் எரியும். பசை முகர்தல் நம் பக்கத்திலும் வந்த தீங்குதான். சிங்கப்பூர் 1987இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. பள்ளியில் இவ்வேலையைப் பயிற்றுவிக்க எண்ணும் ஆசிரியர்கள் சன்னல்களைத் திறந்துவைத்து, முகரத்தகாத பசையையே தேர்ந்துகொள்வார்களாக.

ஜப்பானியர் இதில் புகுந்தது மரத்தின் வழியாக. ஷிசுவோகா நகரில் யோஷியோ தமியா 1946இல் தொடங்கிய மர ஆலை 1951இல் தீ விபத்தால் பெரிதும் நலிந்தது. மர மாதிரிகளே அக்குடும்பத்தைத் தாங்கின. 1960இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தவர்கள், 1967இல் ஹோண்டாவின் பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வெளியிட்டனர். 1976இல் வந்த போர்ஷ கார் மாதிரிக்காக, மகன் ஷுன்சாகு தமியா உண்மைப் போர்ஷ கார் ஒன்றை வாங்கிப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தார் என்பது இத்துறையினர் யாவரும் அறிந்த செய்தி. விற்பவன் தந்த வரைபடத்தை நம்பாமல் பொருளையே சென்று காண்பது வரலாற்றாசிரியன் செயல். அதனைப் பொம்மைக் கம்பெனி ஒன்று செய்தது!

மூப்பேற்றல் வந்த வழி

இவ்வளவு நுணுக்கம் வந்தும் 1960களின் சிறுகார் பளபளப்பாகவே இருந்தது. போட்டிகளில் பரிசு கிடைப்பது முகம் பார்க்கும்படி மெருகேற்றிய காருக்குத்தான். அழுக்கு வேறு வழியாய் வந்தது.

ரயில் மாதிரி செய்வோர் இதில் முந்திக்கொண்டனர். கலிபோர்னியாவின் மான்ட்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் என்னும் புகைப்படக் கலைஞர், தம் வீட்டில் அமைத்த சிறு ரயில் பாதையில் கரி படிந்த எஞ்சின்களையும், வெளுத்த பலகைச் சுவர்களையும், துருவேறிய பெட்டிகளையும் வைத்துப் படமெடுத்து ஏடுகளில் வெளியிட்டார். உழைக்கும் ரயில் பளபளப்பாய் இராது என்பது அவர் கொள்கை. 1973 சனவரியில் அவர் மறைந்த சில நாட்களிலேயே தீ மூண்டு அப்பெருவேலையின் பெரும்பகுதி அழிந்தது, படங்களே எஞ்சின.

அடுத்து வந்தவர்கள் போர்க்கள மாதிரிகள் செய்தோர். சிகாகோவைச் சேர்ந்த ஷெப்பர்டு பெயின் 1970களில் மோனோகிராம் கம்பெனியின் பெட்டிகளுக்குள் வைத்த சிறு விளக்கத்தாள்கள், சேறு படிந்த டாங்கியைச் செய்யும் வழியை இல்லந்தோறும் கொண்டுபோயின. பெல்ஜியத்து பிரான்சுவா வெர்லிண்டன் அம்முறைகளை மேலும் பரப்பினார். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வந்தபோது, அதன் விண்கப்பல்களை நூற்றுக்கணக்கான மாதிரிப் பெட்டிகளின் உறுப்புகளை ஒட்டியே செய்து, அழுக்கும் கீறலும் ஏற்றியிருந்தனர். இல்லாத கப்பலையும் இருந்ததாக நம்பவைத்தது அவ்வழுக்குத்தான். இவற்றையெல்லாம் கண்ட பின்னரே கார் மாதிரிக்காரர்களிற் சிலர், களஞ்சியத்தில் கிடக்கும் கிழட்டு லாரியையும் செய்யத்தக்க பொருளாகக் கொண்டனர்.

துருவுக்கும் ஊர் உண்டு

மூப்பேற்றும் முறை சொல்ல எளிது. கறுத்த வண்ணத்தை நீர்போற் கரைத்துப் பூசினால் அது கதவிடுக்குகளிலும் பள்ளங்களிலும் தங்கும். துடைத்து உலர்த்திய தூரிகையில் ஒட்டிய இளவண்ணத்தால் மேலோட்டமாகத் தடவினால் மேடுகள் மட்டும் தேய்ந்ததுபோல் வெளுக்கும். சுண்ணக்கோலை அரைத்த தூள் புழுதியாகும். வண்ணம் உரிந்ததைக் காட்ட, முதலில் துருநிறம் பூசி, ஆங்காங்கே ஈர உப்புக்கல்லை ஒட்டி, அதன்மேல் காரின் நிறத்தைத் தெளித்து, உலர்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்க்க வேண்டும். உப்பிருந்த இடத்தில் துரு எட்டிப்பார்க்கும். ஒருமுறை காட்டினால் மாணவரும் செய்துவிடுவர். எங்கே செய்வது என்பதுதான் கடினம்.

எடுத்துக்காட்டாக, 1953ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-100 பிக்கப் வண்டியைக் கொள்வோம். ஏஎம்டி கம்பெனி அதனை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் நெடுங்காலம் விற்றது. உழைப்பதற்கென்றே பிறந்த வண்டி. சுமைத்தட்டின் தரை மரப்பலகை, பலகைகளுக்கிடையே இரும்புப் பட்டைகள். பெட்டியைத் திறந்ததும் கேட்க வேண்டிய கேள்வி: இவ்வண்டி எங்கே வாழ்ந்தது?

அரிசோனாவின் பாலைப் பக்கத்தில் வாழ்ந்திருந்தால், அதற்கு முதுமை மேலிருந்து இறங்கும். கூரையிலும் பானெட்டிலும் வெயில் வண்ணத்தைச் சுண்ணாம்பாய் வெளுக்கச் செய்து, அடிப்பூச்சைக் காட்டி, கடைசியில் தகட்டையும் காட்டும். அங்கே படியும் துரு மெல்லிய செம்பழுப்புத் திரை; ஓட்டை விழுவது அரிது. கதவின் கீழ்ப்பகுதி ஏறத்தாழப் புதிதாகவே இருக்கும். மாறாக மிச்சிகனில் வாழ்ந்திருந்தால் முதுமை கீழிருந்து ஏறும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு சக்கரத்தால் வாரியெறியப்பட்டு, மட்கார்டின் உட்புறத்திலும் கதவடியின் மடிப்பிலும் தங்கி, உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். வெளியே முதலில் தெரிவது வண்ணத்தில் ஒரு கொப்புளம். அது வெடித்தால் பின்னால் தகடு இல்லை. கூரையோ பளபளக்கும். ஒரே வண்டி, ஒரே இரும்பு, இரு வேறு வாழ்க்கை.

நம் நாட்டில் இரண்டும் பொருந்தா. உப்புத் தூவுவார் இல்லை. ஆண்டு முழுதும் ஈரம் உண்டு. நீர் தேங்கும் இடமே இங்குத் துருவின் பிறப்பிடம். கூரையின் நீரோடை விளிம்பு, கண்ணாடிச் சட்டத்தின் மூலை, காலடி விரிப்பின் கீழ் ஆகியவற்றைச் சொல்லலாம். தோட்டத்து லாரியை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். செம்மண் புழுதி முன்புறத்தைக் காட்டிலும் பின்கதவில்தான் திட்டாகப் படியும். ஓடும் வண்டியின் பின்னே சுழலும் காற்று புழுதியைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. பால் ஏற்றும் லாரியில் தொட்டி வாயைச் சுற்றிலும் வழிந்துலர்ந்த பால் முதலில் மஞ்சளாகிப் பின் கறுத்து நிற்கும். ஓட்டுநர் கை வைக்கும் சன்னல் விளிம்பில் வண்ணம் தேய்ந்து மினுக்கும். அத்தேய்வு நம்மிடம் வலக்கதவில். அமெரிக்க வண்டியில் இடக்கதவில். தோட்டத்து லாரியை மனத்திற் கொண்டு ஃபோர்டு பிக்கப்பின் வலக்கதவைத் தேய்த்துவிட்டால், தவறான சாட்சியத்தைப் பதிவு செய்ததாகும்.

அளவும் நினைவில் நிற்க வேண்டும். இருபத்தைந்தில் ஒரு பங்கு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் துருவை அப்பினால், அது உண்மை வண்டியில் இரண்டரைச் சென்டிமீட்டர் கனமாகும். அவ்வளவு துரு ஏறிய தகடு நிற்காது, விழுந்துவிடும். மரத்தட்டு வெயிலில் சாம்பல் நிறமாகும், பழுப்பாகாது; இரும்புப் பட்டையிலிருந்து வடிந்த துருக்கறை மட்டும் அதில் செந்நிறக் கோடாய் இறங்கும். சுமை இழுத்திறக்கும் பின்விளிம்பில் துருவும் தங்காது. நாள்தோறும் உராய்ந்து இரும்பு வெள்ளியாய் மின்னும். அம்மின்னல்தான் அவ்வண்டி இன்னும் உழைக்கிறது என்று சொல்கிறது. அவ்விளிம்பிலும் துருவைப் பூசிவிட்டால், வண்டியை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவே பொருள்.

இந்த வேறுபாடுகளைக் கருதாமல், கூடு முழுதும் ஒரே சீராகத் துருவைத் தெளித்து முடித்த மாதிரிகள் இன்று மிகுதி. பார்த்தவுடன் கண்ணைக் கவரும். கவர்ந்தபின் ஒன்றும் சொல்லாது. துரு, சேறு, புழுதி ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் அடைத்து விற்கும் கம்பெனிகளும் பெருகிவிட்டன. புதுமையை விற்றவர்களை எதிர்த்துப் பிறந்த பழமையும் கடைச் சரக்காயிற்று. மெருகேற்றிய காரும் இவ்வகைத் துருக்காரும் இக்கட்டுரையாளன் கண்ணுக்கு ஒன்றே. இரண்டிலும் கார் வாழ்ந்த வாழ்க்கை இல்லை.

எஞ்சியவை

டெட்ராய்ட்டுக்கும் மூப்பு வந்தது. பேக்கார்டு கம்பெனி 1956இல் அந்நகரில் கார் செய்வதை நிறுத்தியது. அதன் பெருந்தொழிற்சாலை பல பத்தாண்டுகள் பாழாய்க் கிடந்து, 2022இல்தான் இடிப்பு வேலை தொடங்கிற்று. நகராட்சியே 2013இல் கடன் தாங்காமல் நொடித்துப்போனதாக அறிவித்தது. ஏஎம்டி 1978இல் லெஸ்னி கம்பெனிக்கும், 1980களின் தொடக்கத்தில் எர்ட்ல் கம்பெனிக்கும் கைமாறிற்று. இன்றும் பழைய அச்சுகளிலிருந்து அப்பெயரில் பெட்டிகள் வருகின்றன.

எல்லா அச்சுகளும் பிழைக்கவில்லை. காரின் வடிவம் ஆண்டுதோறும் மாறியதால், மாதிரியின் அச்சையும் ஆண்டுதோறும் அதே எஃகில் திருத்தி வெட்டினர். 1961ஆம் ஆண்டின் விளக்குகளைச் செதுக்கும்போது 1960ஆம் ஆண்டின் விளக்குகள் அழிந்தன. ஆதலின் சில ஆண்டுகளின் கார்களை இனி அவ்வச்சிலிருந்து வார்க்க இயலாது. அப்போது விற்ற பெட்டிகளில் இன்று எஞ்சியவை எவையோ அவை மட்டுமே உள்ளன. அவற்றிலும் பல, அக்காலத்துப் பையன்கள் அவசரமாய் ஒட்டி முடித்தவை. டயர்கூட அவற்றிற்குப் பகையாயிற்று. நம் தோட்டங்களின் ரப்பர் அன்று அது, வினைல். அதனை மென்மையாக்கக் கலந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை இளக்கிக் குழியாக்கிவிடுகிறது.

இத்தகைய பழைய மாதிரிகளை இன்று தேடி வாங்குவோர், பிரேக் எண்ணெயில் நாட்கணக்கில் ஊறவைத்து, தடித்த வண்ணத்தை உரித்து, ஒட்டிய இடங்களைப் பிரித்து, மீண்டும் புதுக்காராக்க முயல்கின்றனர். அது கூடாது என்போரும் அவர்களுள் உண்டு. அவ்வாறு வாங்கிய ஒரு காரின் முன்கண்ணாடியில், அறுபது ஆண்டுகளுக்கு முன் பசையோடு தொட்ட ஒரு சிறுவனின் கட்டைவிரல் ரேகை, பிளாஸ்டிக்கிலேயே உருகிப் பதிந்து, ஒவ்வொரு கோடும் தெரிய இருக்கிறது. அதனை உப்புத்தாளால் தேய்ப்பதா, விடுவதா என்பதில் அவர்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.